இழுப்பறையா, பெட்டகமா?

டெலானிபூர், போர்ட் பிளேர்
ஆவணி, 1968

அன்பு மைத்துனன் பக்தவத்சலத்துக்கு அத்தான் குழந்தைவேலு தன் கையாலேயே எழுதிக்கொண்டது.

முதலில் கையெழுத்தை மன்னித்துக்கொள். சில எழுத்து கோட்டுக்கு மேலே ஏறி நிற்கும், சில எழுத்து கீழே தொங்கும், ஆனால் எல்லாம் என் எழுத்து. இதுவரை என் பெயரில் உனக்கு வந்த கடிதங்களை உன் மருமகன், என் மகன் பாலசுப்பிரமணியம்தான் எழுதினான். நான் ஒரு பக்கத்துக்குச் சொன்னால் அவன் நாலு வரி போட்டு ‘மற்றவை நேரில்’ என்று முடித்துவிடுவான். நான் சாயங்கால வகுப்பில் சேர்ந்தபோது, ‘இந்த வயதில் அத்தானுக்கு எழுத்து ஒரு கேடா?’ என்று நீ எழுதியிருந்தாயே, அதைத் தேடி எடுத்து நேற்று நானே படித்தேன். நன்றாகவே படிக்க வருகிறது.

இங்கே உன் அக்கா செல்லம், மகன் பாலு, அவன் மனைவி இந்திராணி, இரண்டு ஆடு, எல்லோரும் சுகம். அங்கேயும் அப்படியே என்று வைத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன். நாகப்பட்டினத்தில் மளிகைக் கடை போடப்போவதாக எழுதியிருக்கிறாய். நிறையச் சரக்கு பிடிக்கிற பெரிய பெட்டகம் செய்வதா, சட்டென்று எடுத்துக் கொடுக்கிற இழுப்பறை அலமாரி செய்வதா, இரண்டுக்கும் கையில் வசதி இல்லை என்று கேட்டிருக்கிறாய். இப்படிக் கேட்கிறவன் கடை வைக்கவே லாயக்கில்லை. இருந்தாலும் செல்லத்தின் தம்பி ஆயிற்றே என்று சொல்கிறேன், கேள்.

உன் மருமகன் இழுப்பறைக் கட்சி. படாக் மரத்தில் சுவர் முழுக்க இழுப்பறை அடித்து வைத்தான். கையை நீட்டினால் சீரகம், திரும்பினால் மிளகு, குனிந்தால் புளி. ஒவ்வொன்றிலும் ஒரு கோழி படுக்கிற இடம்தான். ‘ஏண்டா, கப்பல் வந்தால்தானே இந்தத் தீவுக்கு வெங்காயமே வருகிறது, கப்பல் வராவிட்டால் என்னடா செய்வாய்?’ என்று கேட்டேன். ‘அப்பா, பிசினஸ்னா ஸ்பீடுப்பா! மெயின்லேண்டுல எல்லாம் இப்படித்தான்!’ என்றான். அவன் மெயின்லேண்டைப் பார்த்தது காது குத்தப் போனபோது. அதுவும் அழுதுகொண்டே பார்த்தான்.

நேர் எதிரே ஜெய்னுதீன் கடை. அவர் பெட்டகக் கட்சி. அவருடைய பெட்டகத்தில் ஒரு குடும்பம் குடியிருக்கலாம், விருந்தாளி வந்தாலும் இடம் இருக்கும். ‘அண்ணே, கப்பல் வரும், போகும். நம்ம சாமான் எங்கயும் போகாது’ என்பார். உண்மைதான், எங்கேயும் போகாது, வெளியேயும் வராது. யார் எதைக் கேட்டாலும் அது அடியில்தான் இருக்கும். மனுஷர் தலைகீழாக உள்ளே இறங்கிவிடுவார். வெளியே இரண்டு கால் மட்டும் தெரியும். ‘பாய், பெருங்காயம் கேட்டேனே?’ என்று கால்களிடம்தான் பேச வேண்டும். ‘தோ, தோ!’ என்று உள்ளேயிருந்து குரல் வரும். பெருங்காயம் வருவதற்குள் வீட்டில் ரசத்தைக் குடித்துக் கை கழுவியிருப்பார்கள்.

இந்த இரண்டு மேதைகளுக்கும் நடுவில் வந்து சேர்ந்தார் ராஜமாணிக்கம், கல்யாணமாகாத உத்தியோகஸ்தர்கள் சாப்பிடுகிற மெஸ்ஸின் காரியதரிசி. இரண்டு கடையிலும் கொஞ்ச நாள் வாங்கிப் பார்த்துவிட்டு, மொத்த ஆர்டரையும் ஒரே கடைக்குக் கொடுத்துவிடுவேன் என்று சொல்லிவிட்டார். அது கிடைக்காவிட்டால் பாலு கடையை மூடிவிட்டு லாங் ஐலண்டு தீவுக் காட்டுக்கு மரம் இழுக்கப் போக வேண்டியதுதான். அந்த வேலையில் என் தோள் என்ன ஆயிற்று என்று உனக்கே தெரியும். இந்திராணிக்கு இது ஆறாவது மாசம். அந்தப் பெண் அரிசி களையும்போது மூக்கை உறிஞ்சினாள்.

முதல் வாரம் பாலுவின் ராஜ்யம். ராஜமாணிக்கம் வாயைத் திறக்குமுன் பொட்டலம் அவர் கையில் இருக்கும். ‘சபாஷ் பாலு, இதுதான் ஜல்தி காம்! பாய் கடையில நின்னா எனக்குப் பென்ஷனே வந்துடும்போல இருக்கு’ என்றார். என் மகன் தரையில் கால் பாவாமல் நடந்தான். பிறகு கப்பல் எஞ்சினில் ஏதோ கோளாறு, இப்போதைக்கு வராது என்று செய்தி வந்தது. இரண்டே நாளில் இழுப்பறையெல்லாம் காலி. ‘துவரம்பருப்பு?’ என்று ராஜமாணிக்கம் கேட்பார், சர்ரென்று இழுத்து ‘இல்லைங்க’ என்பான். ‘புளி?’ சர். ‘இல்லைங்க.’ இல்லை என்பதை இவ்வளவு வேகமாகச் சொல்லுகிற கடை இந்த ஊரிலேயே வேறு கிடையாது.

அவர் ரோட்டைத் தாண்டி எதிர்க் கடைக்குப் போனார். அங்கே எல்லாம் இருந்தது. பருப்பின் மேல் வெல்லம், வெல்லத்தின் மேல் அரிசி, அரிசியின் மேல் ஜெய்னுதீன். மெஸ்ஸில் உலை கொதித்து வற்றி, பகல் சாப்பாட்டை டீ குடிக்கிற நேரத்தில் போட்டார்களாம். மறுநாள் ராஜமாணிக்கம் நடு ரோட்டில் நின்று கத்தினார். ‘அரே, ஒருத்தன்கிட்ட கை இருக்கு, சாமான் இல்ல! ஒருத்தன்கிட்ட சாமான் இருக்கு, கை இல்ல! நாளைக்குள்ள சாமான் ஒழுங்கா வரலேன்னா பஜார்ல வேற கடை பார்த்துக்கறேன். பஸ், கதம்! அதோட முடிஞ்சது!’

நான் இரு தரப்பையும் கூப்பிட்டு நீண்ட புத்திமதி சொன்னேன். கேட்டது ஆடு இரண்டும்தான். இந்திராணி பருப்பு இழுப்பறையை அப்படியே உருவி இடுப்பில் வைத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டினாள். ஜெய்னுதீன் வழக்கம்போல் பெட்டகத்துக்குள் இருந்தார். ‘அக்கா, இதுல பருப்புப் போடுங்க, வித்துட்டுப் பங்கு தர்றேன்’ என்றாள் அவர் மனைவி ஜன்னத் பீவியிடம். அந்த அம்மாள், ‘புள்ளத்தாச்சி, ரோட்டுலயா நிப்பே? உள்ள வாம்மா. அவுக காலைக் கொஞ்சம் தள்ளிவிட்டுட்டு அள்ளிக்க’ என்றாள். இப்போது தினமும் விடிந்ததும் இழுப்பறைகள் ரோட்டைத் தாண்டிப் போய் நிறைந்து வருகின்றன. அங்கே ஆற அமரத் தோண்டுகிறார்கள், இங்கே சட்டென்று கொடுக்கிறார்கள். மெஸ் ஆர்டர் இரண்டு கடைக்கும் சேர்த்து வந்துவிட்டது. வேகம் ஜெயித்தது என்று பாலு மார்தட்டுகிறான். சரக்கு ஜெயித்தது என்று பெட்டகத்துக்குள்ளிருந்து குரல் வருகிறது. ஜெயித்த இரண்டு பெண்களும் அடுப்படியில் சிரிக்கிறார்கள்.

ஆகையால் பக்தவத்சலம், பெட்டகமோ இழுப்பறையோ, ஆசாரியைக் கூப்பிடுவதற்கு முன்னால் எதிரே ஒரு விரோதியைத் தேடிக்கொள். நீ எதைச் செய்யப்போகிறாயோ, அவனிடம் மற்றது இருக்க வேண்டும். அவன் வீட்டுக்காரிக்குப் புத்தி இருக்கிறதா என்றும் விசாரி. உன் வீட்டில் அது குறைவில்லை என்று தெரியும், உன்னைத்தான் சொல்ல முடியாது.

மங்கையர்க்கரசிக்கும் குழந்தைகளுக்கும் எங்கள் ஆசீர்வாதம். உன் கடையில் தராசு ஓயாமல் ஆடட்டும்.

இப்படிக்கு,
கு. குழந்தைவேலு (கைநாட்டு அல்ல, கையெழுத்து)

பின்குறிப்பு: உன் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தை இப்போதுதான் படித்து முடித்தேன். பெட்டகத்தை வாங்கி ஒரு மாதம் ஆகிவிட்டது என்றும், கடைக்கு எதிரே கடையே கிடையாது, குளம்தான் என்றும் எழுதியிருக்கிறாய். நல்ல முடிவு. நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். மூன்றாம் பக்கம் ஒன்று இருக்கிறது. அதைப் படித்துவிட்டு, கப்பல் வந்தாலும் வராவிட்டாலும் அடுத்த வாரம் எழுதுகிறேன்.