நாலு அறைக் கணினி

"ஐயோ அம்மா, மகன் காணாமல் போயிட்டார்!"

அன்னலட்சுமி கதிரையை விட்டு எழும்பிவிட்டாள். ஆட்கள் காணாமல் போய்க்கொண்டிருந்த அந்தப் போர் நாட்களில் திருகோணமலையில் வாயால் சொல்லக்கூடிய பேச்சா அது?

டோகாவில் வேலை செய்யும் மகன் ஆனந்தராசா, சற்று முன்வரை துறைமுக வீதியில் வெளிநாட்டுக்குக் கதைக்கும் கொமினிகேஷன் கடையின் கணினித் திரையில் இருந்தான். "எனக்கு ஒருத்தியைப் பிடிச்சிருக்கம்மா. நீங்கள் ஓம் எண்டால்தான் பேரைச் சொல்லுவன்" என்றான். "ஏலாது!" என்று இவள் சொல்லி வாய் மூடவில்லை, படம் மறைந்துவிட்டது.

"வைரஸ் வந்ததெண்டு முதலாளி பழைய முறையை எடுத்துப்போட்டு லினக்ஸ் போட்டுட்டார்," என்றாள் கடைப்பெண் புஸ்பராணி, மவுஸை உருட்டியபடி. "இதில நாலு திரை இருக்கு, நாலு அறை மாதிரி. மகன் ஏதோ ஒரு அறைக்குள்ள போயிட்டார்."

"கதவைத் தட்டிப் பார் பிள்ளை!"

அவள் எதையோ அமத்தினாள். திரையின் கீழே இருந்த பட்டை மேலே போய் ஒட்டிக்கொண்டது. இன்னொன்றை அமத்தினாள். பட்டையே போய்விட்டது. திரும்பவும் கைவைக்க, ஒரு மலைப் படம் மட்டும் மிஞ்சியது.

"பழைய முறையில கண்ணை மூடிக்கொண்டு வேலை செய்வன். இதில ஒண்டும் பிடிபடுதில்லை அம்மா."

அன்னலட்சுமிக்குக் கோபம் வரவில்லை. சம்பூரை விட்டு அகதி முகாமுக்கு வந்த நாளிலிருந்து மகனின் முகத்தைக் காட்டுகிறவள் இவள்தான். நிவாரணப் பருப்பில் வடை சுட்டுக் கொண்டுவந்திருந்தாள்; சோதனைச் சாவடியில் ஆமிக்காரன் பிரித்துப் பார்த்து மூடிய அந்தக் கடதாசிச் சரையை எடுத்து நீட்டினாள்.

"சாப்பிடு பிள்ளை. நீ இல்லாட்டி எனக்கு மகன் வெறும் குரல்தான்."

புஸ்பராணி வடையைக் கடித்தபடி மெல்லக் கேட்டாள்: "உண்மையிலேயே ஏலாதா அம்மா?"

அன்னலட்சுமி திரையைப் பார்த்தாள். மலைதான் இருந்தது. அந்தத் துணிவில் குரலைத் தாழ்த்தினாள்.

"அவனுக்குச் சொல்லிப்போடாதை. எனக்குப் பூரண சம்மதம். கேட்ட உடனை ஓம் எண்டால் தாய்க்கு என்ன மதிப்பு? வீடும் போச்சு, வளவும் போச்சு. சீதனம் வாங்கி முகாமில எந்தக் கட்டிலுக்குக் கீழ வைக்கிறது? கட்டிலும் இல்லை. நல்ல மனமுள்ள ஒருத்தி வந்தால் கோணேசருக்குக் கும்பிடு போடுவன்."

"ஆரெண்டாலும்?"

"ஆரெண்டாலும். உன்னைப்போலத் தட்டுத்தடுமாறுறவளா இல்லாட்டிப் போதும்!"

புஸ்பராணிக்கு வடை புரைக்கேறியது. மலைக்குள்ளிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது.

"அவள் ஒரு நாளும் தடுமாறுறதில்லை அம்மா. புஸ்பா, அதுதான் அம்மா எங்களுக்கு ஓம் எண்டிட்டாவே, நாலாவது அறையைத் திறந்து என்னை வெளியில விடும்!"