மூன்று மணி பஸ்ஸில் போன புறவழிச்சாலை

அன்று எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. செய்திக் கவரை மூன்று மணி பஸ்ஸில் ஏற்ற வேண்டும்.

எண்பதுகளில் திண்டிவனம் நிருபருக்கு பஸ் டிரைவர்தான் தபால்காரர். விழுப்புரத்திலிருந்து வரும் பஸ்ஸில் கவரைக் கொடுத்தால் மெட்ராஸ் பஸ் ஸ்டாண்டில் ஆபீஸ் ஆள் வாங்கிக்கொள்வார். மூன்று மணி பஸ்ஸை விட்டால் மறுநாள் பேப்பரில் திண்டிவனமே கிடையாது.

அன்றைக்கு அமைச்சர் வருகிறார். ஊர் நெரிசல் தீர, புறவழிச்சாலைக்கு நிதி அறிவிக்கப் போகிறார். கூட்டம் நாலு மணிக்கு. பஸ்ஸோ மூன்று மணிக்கு!

பழகிய கைக்கு இதெல்லாம் ஒரு கஷ்டமா? மதியமே உட்கார்ந்து எழுதிவிட்டேன். 'பலத்த கரகோஷத்துக்கிடையே அமைச்சர் அறிவித்தார்.' தொகை மட்டும் தெரியாது. அந்த இடத்தில் ஒரு கோடு. கூட்டம் முடிந்ததும் டிரங்க் கால் போட்டுச் சொல்லிக்கொள்ளலாம்.

கொஞ்சம் உதறல்தான். போன மாதம், மழையில் நின்றுபோன ஒரு விழாவை 'சிறப்பாக நடைபெற்றது' என்று எழுதி மாட்டியிருந்தேன். "இன்னொரு தடவை நடக்காததை எழுதினா வீட்லயே உக்காந்து எழுதிக்கோய்யா" என்றிருந்தார் செய்தி ஆசிரியர்.

"அண்ணே, ஜல்தியா போய்ச் சேரணும்" என்று டிரைவரிடம் கவரைக் கொடுத்தேன்.

"கவலைய வுடுங்க சார்!"

பஸ் போயிற்று. நிம்மதியாக டீ சொன்னேன்.

டீக்கடைக்காரர் கேட்டார். "இன்னா சார், இங்க குந்திக்கினு கீறீங்க? மீட்டிங்கே இல்லையாமே!"

"யாருய்யா சொன்னது?"

"மெட்ராஸ் ரோட்டுல வரவேற்பு வளைவு கட்னாங்கல்ல? அதுல வைக்கோல் லாரி மாட்டிக்கினுச்சி. மந்திரி அந்தாண்ட, ஊரு இந்தாண்ட. பெரிய பேஜாரு!"

வளைவை அமைச்சரின் காருக்கு அளவெடுத்துக் கட்டியிருந்தார்கள். லாரியை யாரும் நினைக்கவில்லை.

டீயை வைத்துவிட்டு ஓடினேன். அந்த நெரிசலை அதுவரை பத்துத் தடவையாவது திட்டி எழுதியிருக்கிறேன். அன்றுதான் முதல் தடவையாகக் கும்பிட்டேன். பஸ் நகராது. கவரைத் திரும்ப வாங்கிவிடலாம்!

மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை மூட்டை வண்டிகள், மயிலம் போகிற பஸ், கல்யாண வேன் எல்லாவற்றையும் தாண்டினால் என் பஸ் நின்றது.

"கவரா?" டிரைவர் பெருமையாகச் சிரித்தார். "ஜல்தின்னு சொன்னீங்களே! இது எப்போ நவுறுமோன்னு மின்னாடி வண்டி கண்டக்டர்கிட்ட குடுத்தனுப்பிட்டேன் சார்."

அந்தக் கண்டக்டரிடம் ஓடினேன். அவர் இன்னும் பெரிய உபகாரி.

"லாரிக்கு அந்தாண்ட ஒரு வெள்ளைக் காரு மெட்ராஸுக்கே திருப்பிக்கினு இருந்துச்சி. அதுல குடுத்துட்டேன். காத்தா பூடும்!"

வெள்ளைக் கார். அமைச்சர்கள் வருவது அதில்தானே!

லாரியை ஒட்டி நுழைந்து அந்தப் பக்கம் போனேன். பாதி வைக்கோல் என் தலையோடு வந்தது. கார் இன்னும் திரும்பி முடிக்கவில்லை. பின் சீட்டில், மூக்குக் கண்ணாடியோடு, அமைச்சர் என் செய்தியைப் படித்துக்கொண்டிருந்தார்.

"நீ எழுதினதா?"

"ஆமாங்கய்யா." இனி வீட்டிலேயே உட்கார்ந்து எழுத வேண்டியதுதான்.

"நல்லாத்தான்யா பேசியிருக்கேன்!" என்று உதவியாளரிடம் திரும்பினார். "கைதட்டுகூட வாங்கியாச்சி. இனிமே அங்க போய் இன்னா பண்றது?"

பயத்தில் வாய் தானாகப் பேசியது. "ஐயா, தொகை மட்டும்..."

அவர் கை நீட்டினார். உதவியாளர் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்ததை வாங்கி, தொகைக்காக நான் போட்டிருந்த கோட்டின் மேல் எழுதினார்.

"நம்ம ஆளே உங்க ஆபீஸ்ல குடுத்துடுவான். தலையில வைக்கோல் கீது பாரு."

கார் போய்விட்டது.

மறுநாள் முதல் பக்கம்! செய்தி ஆசிரியரே டிரங்க் காலில் வந்தார். "தொகையோட குடுத்திருக்கியே! மத்த பேப்பர்ல ஒரு வரி இல்ல!" வேலை தப்பித்தது.

டீக்கடைக்காரர் பேப்பரை இரண்டு தடவை படித்தார். "நானும் ஊர்லதான் சார் இருந்தேன். கைதட்டின சத்தமே கேக்கலையே?"

"நீ வளைவுக்கு இந்தாண்ட இருந்த."

அதற்கப்புறமும் வைக்கோல் லாரிகள் ஊருக்குள்ளேயேதான் வந்துகொண்டிருந்தன. "நம்ம ரோடு இன்னா சார் ஆச்சி?" என்று அவர் கேட்கும்போதெல்லாம் டீயை ஊதிக் குடித்தேன்.

அமைச்சர் அந்தத் தொகையை எழுதியது பென்சிலில்.