சுவரில் ஒரு லத்தீன் வரி

"பணம் நான் நாறுகிறேன்" என்று செல்போன் கணீரென்று சொன்னதும், உலகநாதன் கையிலிருந்த தோசைக்கரண்டி சாம்பார் வாளிக்குள் விழுந்தது.

"இன்னா சொல்லுச்சு? இன்னொரு வாட்டி தட்டு" என்றார் மனைவி துர்காதேவியிடம்.

அவள் தட்டினாள். செல்போன் மறுபடியும் அதையே சொன்னது.

மாமல்லபுரத்தில் கடற்கரைக்குப் போகிற தெருவிலுள்ள அந்த டிபன் கடையை அவர்கள் எடுத்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. அச்சரப்பாக்கத்தில் ஓட்டிக்கொண்டிருந்த லோடு வண்டியை விற்றுவிட்டு, இதுதான் இனி பிழைப்பு என்று வந்திருந்தார் உலகநாதன். முன்னால் கடையை நடத்திய அரசு என்பவன், சாவியைக் கொடுத்த கையோடு துபாய்க்குப் பறந்துவிட்டான். போகும்போது சுவரில் கறுப்பு பெயிண்டில் எழுதிய மூன்று வார்த்தைகளை அப்படியே விட்டுவிட்டுப் போயிருந்தான்.

கடைக்கு வருகிற வெளிநாட்டுக்காரர்கள் உட்கார்ந்ததும் அந்த வரியைப் பார்ப்பார்கள். செல்போனில் தட்டுவார்கள். உடனே முகம் மலர்ந்துவிடும். அப்படி என்னதான் எழுதியிருக்கிறது என்று பார்க்கத்தான் துர்காதேவி அதை ஆன்லைன் அகராதியில் போட்டாள். அது லத்தீன் என்று கண்டுபிடித்துச் சொன்ன அகராதி, கூடவே இந்தக் குண்டையும் போட்டது.

"தப்பா இருக்கும்" என்றாள் துர்காதேவி.

"இன்னா தப்பு? நடுவுல 'நான்'னு கீறது எனக்கே படிக்கத் தெரியுதே! இத்தினி நாளா நம்பளப் பாத்துதான் சிரிச்சிக்கினு இருந்தானுங்களா? சாப்புடுற கடைல நாறுதுன்னு எழுதி வச்சா எவன் வருவான்?"

"வந்துகினுதானே கீறாங்க?"

"இந்த ஊருக்குத்தான் புரியல. ஒருநாள் புரிஞ்சுதுன்னா கடைய மூடிட்டுப் போவ வேண்டியதுதான்."

அகராதியிடமே கேட்டு, 'மணக்கிறேன்' என்பதற்கு லத்தீனில் ஒரு வார்த்தை வாங்கினார்கள். உலகநாதன் ஸ்டூலில் ஏறி, கடைசி வார்த்தையை அழித்துவிட்டு இதை எழுதினார். எழுத்து கொஞ்சம் கோணல்தான். ஆனால் மனசு நிம்மதியானது.

மறுநாள் காலையில் நாலு பேர் வந்தார்கள். சுவரைப் பார்த்தார்கள். தட்டினார்கள். யாரும் சிரிக்கவில்லை. மறுபடி சுவரைப் பார்த்தார்கள், மறுபடி தட்டினார்கள். ஒரு வெள்ளைக்காரம்மா கல்லாவுக்கே வந்து, செல்போனால் சுவரைச் சுட்டிக்காட்டி, "நாட் கரெக்ட்!" என்றாள்.

உலகநாதனுக்கு வேர்த்துவிட்டது. "எஸ் மேடம், சாரி மேடம்" என்றார். நாலு பேரும் ஆளுக்கொரு காபியோடு எழுந்து போய்விட்டார்கள்.

"இப்ப இன்னா அர்த்தம் வருதுன்னு பாரு!" என்று கத்தினார்.

துர்காதேவி செல்போனை நீட்டினாள். "பணம் நான் மூக்கு" என்றது அது.

உலகநாதன் தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"ஒத்த ஒத்த வார்த்தையா போட்டதுதான் கோளாறு. முழுசா ஒரு நல்ல சேதியைக் கேளு. எங்களுக்குக் காசு பெரிசில்ல, கஸ்டமருங்கதான் பெரிசுன்னு கேளு."

அகராதி நீளமாக ஒரு வரி கொடுத்தது. உலகநாதன் சுவரின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை எழுதினார். அதற்கு மேல் நிலைமை மோசமானது. வந்தவர்கள் கழுத்தைத் திருப்பித் திருப்பித் தட்டிப் பார்த்தார்கள், உதட்டைப் பிதுக்கினார்கள், தோசை கேட்காமலே கிளம்பினார்கள். சர்ஃபிங் பலகையோடு வந்த ஒருவன் வாசலில் நின்றபடியே தட்டிப் பார்த்துவிட்டு, எதிர்க்கடைக்குள் போய் உட்கார்ந்தான்.

துர்காதேவி பயந்துகொண்டே அந்த வரியைத் திருப்பித் தமிழுக்குப் போட்டாள்.

"காசில்லாத வாடிக்கையாளர்களைப் பெரிய அளவில் விற்கிறோம்" என்றது செல்போன்.

உலகநாதன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் சரிந்தார். "ஆளுங்கள விக்கிறோம்னா எழுதி வச்சேன்? போலீசு வந்துடும்டி!"

அன்று மத்தியானமே ஒரு வாளி சுண்ணாம்பு கரைத்து, சுவரை ஒரு எழுத்தும் இல்லாமல் வெள்ளையடித்தார். "எழுத்தே இல்லன்னா எவன் இன்னா தப்பு கண்டுபுடிப்பான்?" என்றார்.

யாரும் கண்டுபிடிக்கவில்லை. யாரும் வரவும் இல்லை. எட்டிப் பார்த்தவர்கள் வெள்ளைச் சுவரைக் கண்டதும், துக்க வீட்டுக்குள் தெரியாமல் நுழைந்தவர்களைப் போலத் திரும்பிப் போனார்கள். மாவு புளித்தது. சட்னியைக் கொட்டினார்கள்.

"கெட்ட பேரு பரவிடுச்சு. ஊருக்கே போயிடலாம்" என்றார் உலகநாதன். துர்காதேவி கழுவிய தட்டையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள்.

தெருவில் கேபிள் வயர் இழுத்துக்கொண்டிருந்த கோவளத்துக்காரன் ஸ்டான்லி, டீ கேட்டுக்கொண்டு உள்ளே வந்தான். ஒரு வாய் குடித்தவன் சுவரைப் பார்த்ததும் கண்ணாடித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டான்.

"அண்ணாத்த, இன்னா வேலை பண்ணி வச்சிக்கீற?"

"தெரியும்பா. அசிங்கமா எழுதியிருந்துச்சு. அதான் அழிச்சிட்டேன்."

"அசிங்கமா? வெளில கீற எவனும் சுளுவா கண்டுபுடிக்கக் கூடாதுன்னு நெட்டுல தேடி, லத்தீன்ல 'காசு நாறாது'ன்னு ஒரு பழமொழிய எடுத்துக் குடுத்ததே நான்தான். அரசு உன்கிட்ட ஒண்ணுமே சொல்லலியா?" ஸ்டான்லி தலையில் கையை வைத்துக்கொண்டான். "அது உன் கடை வைஃபை பாஸ்வேர்டு அண்ணாத்த!"