போகும்போது ஒரு பிழையும் இல்லை

எனக்குத் தோணி ஓட்டத் தெரியாது என்று என் வீட்டில் சொல்வார்கள். பொய். போகும்போது நான் ஒரு பிழையும் செய்யவில்லை.

காரைக்காலில் பிரெஞ்சுக்காரர் இருந்த கடைசிக் காலம். சபியாவை எனக்குப் பேசியிருந்தார்கள். அவளுடைய வாப்பா, அதாவது என் மாமு, மூன்று தோணிகளுக்குச் சொந்தக்காரர்.

"தம்பி, தனியா பாய் விரிச்சு கடல்ல ஒரு சுத்து சுத்திட்டு வாங்க. நிக்காஹ் பத்தி அப்புறம் பேசலாம்" என்றார்.

ஒன்பது நாள் அவருடைய ஆளோடு போய்ப் பழகினேன். (தோணியைத் திருப்பும் நேரம் பார்த்துத்தான் அந்த ஆள் இறால் வாடாப் பொட்டலத்தை நீட்டுவார். நான் வாடாவை எண்ணுவேனா, கயிற்றைப் பார்ப்பேனா?)

பத்தாம் நாள் கயிறு நான்கு, சுக்கான் ஒன்று, தண்ணீர் இறைக்கும் தகரம் ஒன்று என்று சரிபார்த்துவிட்டு அரசலாற்று முகத்துவாரத்திலிருந்து கிளம்பினேன். தெற்குக் காற்று. தோணி பறந்தது. கரையில் நின்ற மாமுவுக்குக் கைகூட அசைத்தேன். திருப்பலாம் என்று சுக்கானைத் தள்ளியதும் பாய் என் முகத்தில் அறைந்தது. சுக்கானை விட்டுவிட்டால் தோணி சமர்த்தாக வடக்கே ஓடியது. ஏழு அறை வாங்கிய பிறகு அதன் இஷ்டத்துக்கே விட்டேன். அது என்னை எல்லைக்கு அப்பால், இந்திய மணலில் கொண்டுபோய்ச் செருகியது. அங்கே சுங்கக்காரர்கள் இருந்தார்கள்.

"என்னய்யா ஏத்திக்கிட்டு வந்தே?" என்றார் அதிகாரி.

"ஒண்ணுமில்லைங்க."

"காரைக்கால்லேர்ந்து எவன்யா வெறும் தோணியில வருவான்? சரக்கை எங்க இறக்கினே?"

மாலையில் மாமு இன்னொரு தோணியில் தேடி வந்து சேர்ந்தார். "ஐயா, இவருக்குத் தோணி ஓட்டவே தெரியாது. கடத்தலெல்லாம் இவரால ஆகாதுங்க. வேணும்னா திருப்பச் சொல்லிப் பாருங்க."

என் நிலைமையை யோசியுங்கள். திருப்பிவிட்டால் சிறை. திருப்பாவிட்டால் சபியா இல்லை. தோணியை மணலிலிருந்து தண்ணீருக்குத் தள்ளிவிட்டார்கள். சபியாவுக்காக முழு மூச்சோடு திருப்பினேன். பாய்க்கழி சுழன்று, தோணியைப் பிடித்துக்கொண்டு நின்ற அதிகாரியின் தொப்பியைக் கடலில் தள்ளியது. தோணி அதே மணலில் மறுபடி செருகிக்கொண்டது.

அதிகாரி தலையைத் தடவிக்கொண்டே, "இவன் உங்களுக்கு யாரு? சொந்தக்காரர் கையெழுத்துப் போட்டாத்தான் விடுவோம்" என்றார்.

மாமு கடலில் மிதந்த தொப்பியை எடுத்து, தண்ணீரை உதறி நீட்டினார்.

"மாப்பிள்ளைங்க."

"பொண்ணு பாவம்" என்று சொல்லி, அப்படியே எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு அதிகாரி விட்டுவிட்டார்.

சர்க்காரிடம் எழுதிக் கொடுத்ததை மாற்றக்கூடாது என்று அடுத்த மாதமே நிக்காஹ்வை முடித்தார் மாமு. இன்றைக்கும் நான் செருப்பை மாட்டினால் சபியா உள்ளேயிருந்து கேட்பாள்: "போறது சரி. திரும்பத் தெரியுமா?"

பேரப்பிள்ளைகள் எட்டுப் பேரும் சிரிப்பார்கள். (ஒன்பதாவது ஒன்று இருக்கிறது. அதற்கு இன்னும் பேச்சே வரவில்லை. அதுவும் சிரிக்கிறது.)