ஒற்றை ஓநாயின் சனிக்கிழமை

"ஆம்" என்று தட்டிய விரலை எடுப்பதற்குள்ளேயே வெர்னனுக்குத் தான் செய்த காரியம் புரிந்துவிட்டது.

கம்ப்யூட்டரில் இடம் போதவில்லை, பழைய குப்பையைக் கழிப்போம் என்று உட்கார்ந்தவன், குப்பையோடு சேர்த்து மனைவி ஆர்டிஸின் புத்தகத்தையும் அழித்துவிட்டான். லூத்தரன் சர்ச் மாதர் சங்கத்தின் சமையல் புத்தகம். ஊரிலுள்ள அத்தனை பெண்களின் கையிலும் காலிலும் விழுந்து குறிப்பு வாங்கி, போன கோடையிலிருந்து அவள் தட்டி வைத்தது. திங்கட்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ஆர்டிஸ் இப்போது சர்ச் விற்பனையில் இருக்கிறாள். இருட்டுவதற்குள் வந்துவிடுவாள்.

"கடவுளே, தோலை உரிச்சுடுவா!" என்று வாய்விட்டே சொன்னான். உடனே ஆபீஸ் நண்பன் மெல்வினுக்கு டெலிஃபோன் போட்டான்.

"பதறாதடா," என்றான் மெல்வின். "அழிச்சா பேரு மட்டும்தான் போகும், சரக்கு உள்ளேயேதான் இருக்கும். அது மேல எதையும் எழுதிடாதே. மீட்கிற ப்ரோகிராம் ஒண்ணு, நம்ம ஊர் ஆள் யாரோ தன் கம்ப்யூட்டர்ல நடத்துற போர்டுல இருக்கு. டெலிஃபோன் லைன்ல மோடம் போட்டு அந்தக் கம்ப்யூட்டரைக் கூப்பிட்டு, ஃப்ளாப்பியில இறக்கிக்கோ."

"போர்டு யாரோடது?"

"பனிக்கரடின்னு ஒருத்தர். நிஜப் பேரு யாருக்குத் தெரியும்? அங்க எவனும் சொந்தப் பேர்ல போறதில்ல. நீயும் ஒண்ணு வெச்சுக்கோ."

இன்சூரன்ஸ் ஆபீஸில் மேலதிகாரி தும்மினாலே எழுந்து நிற்கிற வெர்னன், தனக்கு 'ஒற்றை ஓநாய்' என்று பெயர் வைத்துக்கொண்டான்.

மோடம் கீச்சிட்டது, கரகரத்தது, பிடித்துக்கொண்டது. ஃபைல் சொட்டுச் சொட்டாக இறங்க ஆரம்பித்தது. பாதியைத் தாண்டியதும் லைனில் 'டிக்' என்று ஒரு சத்தம். வேறு யாரோ கூப்பிடுகிறார்கள். அவ்வளவுதான், எல்லாம் அறுந்துபோனது. டெலிஃபோன் மணி அடித்தது.

"வெர்னன், அப்பாவுக்கு மதியச் சாப்பாடு கொடுத்தியா?" ஆர்டிஸ்தான்.

"கொடுத்தேன், கொடுத்தேன்."

"ஏன் மூச்சு வாங்குது உனக்கு?"

"மாடிப்படி... ஏறினேன்."

"நம்ம வீட்டுல ஏது மாடி?"

"கீழேயிருந்து மேல ஏறினேன்னு சொன்னேன்!"

கீழே என்றால் நிலவறை. ரயில்வேயில் ஓய்வு பெற்ற மாமனார் பால்மர் நான்கு வருடமாக அங்கேதான் குடியிருக்கிறார். தனி வாசல், தனி டெலிஃபோன், தனி டிவி. மருமகனிடம் அவர் பேசியதெல்லாம் 'ம்' என்ற ஒரே எழுத்துதான்.

குறுக்கே வரும் அழைப்பைத் தடுக்கிற எண்ணைச் சேர்த்துச் சுழற்றி மறுபடி பிடித்தான் வெர்னன். இம்முறை திரை முழுக்கக் கன்னாபின்னாவென்று எழுத்துகள். திரும்ப மெல்வின்.

"வீட்டுல மோட்டார் ஏதாவது ஓடுதா? ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், ஹீட்டர்? அதெல்லாம் லைனைக் கெடுக்கும்."

வெர்னன் மூன்றாவது முறை இணைப்பைப் பிடித்தான். ஃபைல் இறங்கத் தொடங்கியதும் கூடத்துக்கு ஓடி, மெயின் பெட்டியில் தன் அறைக்கான சுவிட்சை மட்டும் விட்டுவிட்டு மற்ற அத்தனையையும் படபடவென்று அணைத்தான். வீடே மௌனமானது. ஆகா என்று ஓடி வந்து பார்த்தால், இணைப்பே போயிருந்தது! சுழற்றினான். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க நாதியில்லை. மினசோட்டா ஜனவரியில் ஹீட்டர் இல்லாத வீடு எத்தனை நேரம் தாங்கும்? விரல் விறைத்து, மூக்கு ஒழுகி, வேறு வழியில்லாமல் சுவிட்சுகளைப் போட்டுவிட்டு வந்து சுழற்றினான். உடனே எடுத்தது. அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

ஆனால் ஃபைல் பட்டியலுக்குப் பதிலாகத் திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக முளைத்தன. பனிக்கரடியே நேரில் வந்துவிட்டார்.

"யாருப்பா நீ? பாதியிலயே ஓடி ஓடிப் போறே. இப்படிப்பட்டவனுக்கெல்லாம் இங்க ஃபைல் கிடையாது."

"ஐயோ அண்ணே, நான் ஓடலே! கடைசித் தடவை உங்க பக்கம்தான் போச்சு."

"அது கரண்ட் போயிடுச்சு."

"இந்தப் பனிக்காத்துல எங்கேயாவது கம்பம் சாஞ்சிருக்கும் அண்ணே."

"இருக்கும், இருக்கும். சரி, எதுக்கு இந்த ப்ரோகிராம்? உண்மையைச் சொன்னா தர்றேன்."

வெர்னன் வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் கொட்டினான். மனைவி மாதக்கணக்காக அடித்த புத்தகத்தை அழித்தது, அவளிடம் மறைப்பது, கேட்டதற்கெல்லாம் பொய் சொன்னது, சாப்பாடே கொடுக்காமல் கொடுத்தேன் என்றது வரை. முகம் தெரியாத ஆளிடம் பேசுவது எத்தனை சுகம்! அந்தச் சுகத்தில் இன்னும் கொஞ்சம் தட்டினான்.

"அவளை விடுங்க அண்ணே, அவ அப்பன் இருக்கானே! நாலு வருஷமா அட்டை மாதிரி ஒட்டிக்கிட்டிருக்கான். திங்கிறது, டிவி பாக்கிறது, வேற ஒரு மண்ணும் தெரியாது."

"எல்லா வீட்டுலயும் ஒண்ணு இருக்கும் தம்பி," என்று வந்தது பதில். "மனசுல வெச்சுக்காதே. இந்தா, இறக்கிக்கோ."

இறங்கியது. முழுதாக இறங்கியது! மீட்கும் ப்ரோகிராமை ஓட்டினான். கோழிக் குழம்பிலிருந்து ஆப்பிள் பணியாரம் வரை அத்தனை குறிப்பும் பத்திரமாகத் திரும்பி வந்தன. கடைசிப் பக்கம் திரையில் தெரிந்தபோது வாசலில் கார் வந்து நின்றது.

ஆர்டிஸ் வந்தாள், கம்ப்யூட்டரைத் திறந்தாள், புரட்டினாள். "அப்பாடா, ஒரு வேலை முடிஞ்சுது," என்று திருப்தியாக மூடிவிட்டுச் சமையலறைக்குப் போனாள். இரவு மேசையில் உட்கார்ந்த வெர்னன், தூக்குக் கயிற்றிலிருந்து இறக்கிவிட்டவன் மாதிரி இரண்டு ஆள் சாப்பாட்டைத் தட்டில் போட்டுக்கொண்டான்.

பால்மர் மேலே ஏறி வந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். நான்கு வருடத்தில் அந்தப் பற்களை வெர்னன் பார்த்ததே இல்லை.

"என்னப்பா, இன்னிக்கு முகமெல்லாம் ஒரே சிரிப்பா இருக்கு?" என்றாள் ஆர்டிஸ்.

"கீழே நான் நடத்துற கம்ப்யூட்டர் போர்டுக்கு இன்னிக்கு ஒருத்தன் வந்தாம்மா, பேரு ஒற்றை ஓநாயாம், பொண்டாட்டி மாசக்கணக்கா அடிச்ச புத்தகத்தையே அழிச்சுட்டு அவகிட்ட மறைக்கிறான், போதாக்குறைக்கு மாமனார் வேற அட்டை மாதிரி ஒட்டிக்கிட்டிருக்கானாம், பாவம், யாரு பெத்த புள்ளையோ!"