தட்டில் மிச்சம் வைத்த காரணம்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நாங்கள் இருவரும் நலம். அங்கே தாங்களும் சம்பந்தி அம்மாவும் மாப்பிள்ளையும் என் மகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தங்கள் மெத்தைக் கடையில் வியாபாரம் நன்றாக நடக்கட்டும். கடிதத்தைப் பார்த்ததும் என்னவோ ஏதோ என்று பதற வேண்டாம். இது போனில் சொல்லக்கூடிய விஷயம்தான். ஆனால் போனில் நான் ஒன்று சொல்ல, பக்கத்தில் நின்றுகொண்டு என் மனைவி அதைத் திருத்த, யார் பேச்சைக் கேட்பது என்று தாங்கள் திண்டாட, விஷயம் வேறெங்கோ போய்விடும். அதனால்தான் அவள் கடைக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை தங்கள் வீட்டு விருந்துக்கு வந்தோம் அல்லவா? மறுநாள் மகள் போன் செய்தாள். "அப்பா, நீங்க வந்துட்டுப் போனதிலேருந்து மாமா முகமே சரியில்ல. கேட்டா ஒண்ணுமில்லங்கறார். ஆனா டிவியக்கூட சத்தத்த நிறுத்திட்டுப் பாக்கறார்" என்றாள். அவளைக் கட்டிக்கொடுத்து ஒரு வருஷம்கூட முழுதாக ஆகவில்லை. அதற்குள் என்னால் அவளுக்கு அங்கே ஒரு சங்கடம் என்றால் எனக்கு நிம்மதியாக இருக்க முடியுமா? காரணம் என்னவாக இருக்கும் என்று குடைந்து குடைந்து யோசித்தேன். ஒரே ஒரு காரணம்தான் அகப்பட்டது. சம்பந்தி அம்மா காலையிலிருந்து அடுப்பே கதி என்று நின்று அத்தனை வகை செய்து வைத்திருக்க, நான் கோழிக்குஞ்சு மாதிரி கொறித்துவிட்டுத் தட்டு நிறைய மிச்சம் வைத்து எழுந்துவிட்டேன். எந்த வீட்டுக்காரருக்கும் மனசு புண்படத்தான் செய்யும். ஆகவே உள்ளதை உள்ளபடி எழுதிவிடுகிறேன்.

சம்பந்தி, எனக்கு வயிறு கிடையாது. அதாவது இருக்கிறது, ஆனால் முட்டையைவிடச் சற்றே பெரியது.

மகள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த காலத்தில் தாங்கள் என்னைப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் மறந்திருக்க மாட்டீர்கள். டிரைவிங் ஸ்கூல் காரில் நான் ஏறி உட்கார்ந்தால் வண்டி என் பக்கமாகச் சாய்ந்துவிடும். என்னிடம் ஓட்டக் கற்றுக்கொண்டவர்கள் கார் என்றாலே சாய்ந்துதான் போகும் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். சீட் பெல்ட் எனக்கு எட்டாது. ஆனால் பெல்ட் போடாதவர்களுக்குக் கண்டிப்பாகப் பாடம் நடத்துவேன். இதெல்லாம் சிரிக்கிற விஷயம். சிரிக்க முடியாததும் இருந்தது. சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, முட்டி வலி, அதற்கு மேல் தூக்கத்தில் குறட்டை, நடுநடுவே மூச்சு நின்று நின்று வரும். அந்தக் குறட்டை எப்போது நிற்கும் என்று ஊரார் காத்திருப்பார்கள். நின்றுவிடப் போகிறதே என்று என் மனைவி விழித்துக்கொண்டிருப்பாள். கடைசியில் அவள்தான் என்னை இழுத்துக்கொண்டு போய் ஒரு சர்ஜன் முன்னால் உட்கார வைத்தாள். வயிற்றைச் சின்னதாக்கிக் குடலை மாற்றி இணைக்கிற ஆபரேஷன். எனக்குப் புரிகிற பாஷையில் சொன்னால், வயிற்றுக்குள் ஒரு பைபாஸ் ரோடு போட்டுவிட்டார்கள். சாப்பாடு ஊருக்குள் நுழையாமல் வெளிவட்டமாகப் போய்விடும்.

ஒன்றரை வருஷத்தில் நான் பாதி ஆளாகிவிட்டேன். சர்க்கரை இறங்கியது, குறட்டை போயிற்று, சீட் பெல்ட் எட்டியது. தொங்கிப்போன தோல் மட்டும் போக மாட்டேனென்று நின்றுவிட்டது. சாலையில் நான் கையை நீட்டிச் சைகை காட்டினால், கை நின்ற பிறகும் சட்டைக்குள் அது தனியாக ஆடிக்கொண்டிருக்கும். பின்னால் வருகிறவன் நான் திரும்புகிறேனா, டாட்டா காட்டுகிறேனா என்று குழம்புவான். அதெல்லாம் பழகிவிட்டது. ஆபரேஷன் என்பது ஒரு நாள் வேலை, அதோடு குடித்தனம் நடத்துவதுதான் ஆயுசு முழுக்க என்று அப்போதே டாக்டர் சொன்னார். நான் தலையாட்டினேன். தலையாட்டுவதில் நான் கெட்டிக்காரன்.

வருஷங்கள் ஓடின. உடம்பு ஜம்மென்று இருந்தது. ஜம்மென்று இருக்கிறவனுக்கு எதற்கு மாத்திரை என்று சத்து மாத்திரைகளை ஒவ்வொன்றாக விட்டேன். வருஷத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனைக்கு வரச் சொல்லி ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிடுவார்கள். "அடுத்த வாரம் வரேம்மா" என்பேன். அதற்குள் பழைய பிஸ்கட் பழக்கம் வேறு மெதுவாகத் திரும்பி வந்துவிட்டது. பிஸ்கட் கரைந்து வழுக்கிக்கொண்டு போய்விடும், வயிறு நிறைந்ததாகவே தெரியாது. சட்டைப் பொத்தானுக்கு மட்டும் தெரியும்.

அப்புறம் கால் மரத்துப்போக ஆரம்பித்தது. பாதத்தில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும், பிறகு ஒன்றுமே இருக்காது. நான் பழியை ஷூவின் மேல் போட்டேன். கடைக்குப் போய்ச் சண்டை பிடித்து ஒரு சைஸ் பெரிதாக மாற்றிக்கொண்டு வந்தேன். அப்புறம் பழி பிரேக்கின் மேல் விழுந்தது. எங்கள் காரில் சொல்லிக் கொடுக்கிறவர் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும், தங்களுக்குத் தெரியும். அது மந்தமாக இருக்கிறது என்று மெக்கானிக்கிடம் மூன்று தடவை வண்டியை விட்டேன். மூன்றாவது தடவை அவர், "சார், வண்டிய விட்டுட்டுப் போங்கன்னு சொல்றது வழக்கம். இப்ப உங்கள விட்டுட்டுப் போகச் சொல்லணும் போலிருக்கு. பிரேக் கல்லு மாதிரி இருக்கு" என்றார். எனக்குக் கோபம் வந்தது.

அப்போது என்னிடம் ஒரு பல் டாக்டர் அம்மா ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தார்கள். பூச்செடி விற்கிற தோட்டம் ஒன்றின் ஓரமாகப் போகிறோம். திருப்பத்தில் அவர்கள் தடுமாறிவிட்டார்கள். "பயப்படாதீங்க, நான் இருக்கேன்" என்று சொல்லிப் பிரேக்கை அழுத்தினேன். நன்றாக அழுத்தினேன். வண்டி நிற்கவில்லை. நிதானமாக, யாரையும் அவசரப்படுத்தாமல், தொட்டிகளை ஒவ்வொன்றாகச் சாய்த்துக்கொண்டு போய் ஒரு மண்குவியலில் முட்டி நின்றது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. அந்த அம்மா என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "சார், நீங்க பிரேக்க மிதிக்கவே இல்ல. பக்கத்துல இருக்கற கால்மிதிய மிதிச்சிட்டு இருந்தீங்க. உங்களுக்குத் தெரியலையா?"

எனக்குத் தெரியவில்லை, சம்பந்தி. குனிந்து பார்த்த பிறகுதான் தெரிந்தது. அந்த மண்குவியல் இருந்த இடத்தில் ஒரு ஆள் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தேன். அன்றைக்கு வண்டியை அந்த அம்மாவே ஓட்டிக்கொண்டு வந்தார்கள். நான் பக்கத்தில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். பிரமாதமாக ஓட்டினார்கள்.

ஆஸ்பத்திரியில் ரத்தத்தை எடுத்துப் பார்த்தார்கள். அதில் பி பன்னிரண்டு என்ற சத்து தேடினாலும் கிடைக்கவில்லை. இரும்பு அதற்குத் துணையாகக் காணாமல் போயிருந்தது. சாப்பாட்டு ஆலோசனை சொல்கிற பெண் ஒருத்தி இருந்தாள், என் மகள் வயதுதான் இருக்கும். "மாத்திரைய ஏன் சார் நிறுத்துனீங்க?" என்றாள். "நல்லாத்தானேம்மா இருந்தேன்?" என்றேன். "மாத்திரை சாப்பிட்டதாலதான் சார் நல்லா இருந்தீங்க" என்றாள். இருபத்தைந்து வருஷமாகக் கண்ணாடியைப் பாருங்கள், கண்ணாடியைப் பாருங்கள் என்று அடுத்தவருக்குச் சொல்கிறவன் நான். என் உடம்பை மட்டும் பார்க்காமல் விட்டிருந்தேன். பைபாஸ் ரோடு போட்டால் வண்டி ஊருக்குள் நிற்காது, நிற்காவிட்டால் அங்கே ஏற வேண்டிய சரக்கு ஏறாது. அதைத் தனியாகக் கொண்டுவந்து ஏற்ற வேண்டும். இதை எனக்கு நானே சொல்லிப் பார்த்ததும் சட்டென்று புரிந்துவிட்டது. ஊசி போட்டார்கள். கால் சரியாகும் வரை பாடம் நடத்தக் கூடாது என்றார்கள். வீட்டில் உட்கார்ந்து பாதத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒருநாள் தரையில் கிடந்த அரிசி ஒன்று குத்தியது. "வலிக்குது!" என்று கத்தினேன். என் மனைவி ஓடிவந்து, பார்த்து, அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டாள். வலிக்கிறது என்று ஒருவன் சொன்னதற்கு அவ்வளவு சந்தோஷப்பட்ட வீடு வேறு இருக்காது.

அதற்குப் பிறகு நான் ஒழுங்கானவன். முட்டையோ மீனோ முதலில், மற்றது பிறகு. சின்னக் கவளம், நிறைய மெல்லுதல். சாப்பிடும்போது தண்ணீர் கிடையாது. இனிப்பு கூடாது. மாத்திரை என்றைக்கும்.

இப்போது தங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். சம்பந்தி அம்மா முதலில் மீன் வைத்தார்கள். தேவாமிர்தம். மெதுவாக மென்றேன். மெதுவாக மெல்வதைப் பார்த்து, "முள்ளு இருக்கா அண்ணா?" என்றார்கள். இல்லை என்றதும் இன்னொரு துண்டு வைத்தார்கள். நான் தண்ணீரைத் தொடவில்லை என்பதைப் பார்த்து டம்ளர் சரியில்லையோ என்று மாற்றினார்கள். அதையும் தொடாததால் கண்ணாடி டம்ளர் வந்தது. அதையும் நான் தொடவில்லை என்றதும் அலமாரியைத் திறந்து, கல்யாணத்துக்கு வந்த சீர் டம்ளரையே அட்டைப் பெட்டியிலிருந்து பிரித்துவிட்டார்கள். என் தட்டிலிருந்து மாப்பிள்ளை ஒவ்வொன்றாக எடுத்துத் தின்றது தாங்கள் பார்த்ததுதான். தங்கமான பிள்ளை. கடைசியில் கேக் வந்தது. "நானே செஞ்சது, ஒரே ஒரு துண்டு" என்றார்கள். மகள் என் முகத்தைப் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கால் மணி நேரம்தான். நெஞ்சு படபடவென்று அடித்தது, சட்டை நனைந்தது, வயிற்றில் கல்யாணக் கச்சேரி. என் போன்றவர்களுக்கு இனிப்பு வேகமாகக் குடலில் இறங்கினால் இப்படித்தான்; படுத்துக்கொண்டால் தானே அடங்கும். சொல்லாமல் கொள்ளாமல் பக்கத்து அறைக்குள் போய்ப் படுத்தேன். அது புது மெத்தை, பிளாஸ்டிக் உறை பிரிக்காதது என்பது படுத்த பிறகுதான் தெரிந்தது. மூச்சு விட்டால் சரசர, புரண்டால் மளமள. கூடத்தில் அத்தனை பேரும் பேச்சை நிறுத்திக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். அப்போது தாங்கள் சொன்னது என் காதில் விழுந்தது: "மீனு பிடிக்கல, தண்ணி பிடிக்கல, நம்ம மெத்தையாவது பிடிச்சிருக்கே!"

அந்தப் பேச்சு என் மனதிலேயே நிற்கிறது. சம்பந்தி அம்மாவின் கைப்பக்குவத்தில் குற்றமே இல்லை, குற்றம் முழுக்க என் வயிற்றின் அளவில்தான் என்பதைத் தாங்கள் அவர்களுக்குப் பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டும். இத்தனை நாள் சொல்லாமல் இருந்ததற்கு, எங்கே எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாததுதான் காரணம். இனி நாங்கள் வந்தால் சின்னத் தட்டில் ஒரு துண்டு மீன் போதும். அதை நான் ரசித்துச் சாப்பிடும் அழகைத் தாங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாம்.

சம்பந்தி அம்மாவுக்கு என் வணக்கம். மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் எங்கள் ஆசிகள். எல்லா நலமும் பெற்று, ஒருவர் தட்டிலிருந்து ஒருவர் எடுத்துச் சாப்பிட்டு, நீண்ட காலம் வாழட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள சம்பந்தி

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் மகள் போன் செய்தாள். மேலே உள்ளதையெல்லாம் படித்துக் காட்டினேன். "ஐயோ அப்பா, ஆபரேஷன் விஷயத்த அத்தைகிட்ட அன்னிக்கு சாயங்காலமே நான் சொல்லிட்டேன். சாப்பாட்டப் பத்தி இங்க யாருக்கும் ஒரு வருத்தமும் இல்ல. மாமாவுக்குக் கோபம் எதுக்குன்னு இப்பதான் அத்தை சொன்னாங்க. கிளம்பும்போது மாமா காரை ரிவர்ஸ் எடுத்தாரே, அப்ப தெருவே கேக்கற மாதிரி நீங்க என்ன சொன்னீங்க?" என்றாள். சம்பந்தி, 'இதற்கு மாட்டை அவிழ்த்துவிட்டால் அதுவே நேராகப் பின்னால் வரும்' என்று நான் சொன்னது விளையாட்டுக்குத்தான். தொழில் புத்தி, வாய் தவறிவிட்டது. மனப்பூர்வமாக மன்னிக்க வேண்டும். தாங்கள் அருமையாக ஓட்டுகிறீர்கள். ஸ்டீயரிங்கை மட்டும் வண்டி நகர ஆரம்பித்த பிறகு திருப்புங்கள். நின்ற இடத்திலேயே திருகினால் டயர் தேயும். பின்பக்கக் கண்ணாடி என்று ஒன்று இருக்கிறது, தலைமுடி வாருவதற்கு மட்டும் அல்ல. இந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நானே வந்து ஒரு மணி நேரம் சொல்லித் தருகிறேன்.