சிவப்புத் துண்டும் என் வலது தோளும்

உடற்பயிற்சி செய்தால் உடம்புக்கு நல்லது என்பார்கள். ஊருக்கு என்ன ஆகும் என்று யாரும் சொல்வதில்லை. என் உடற்பயிற்சியால் எங்கள் குப்பத்துக்கே ஒரு நாள் இறால் போனது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை, பெருமையாகத்தான் இருக்கிறது. (திமிர்தான், இன்னா இப்போ?)

பழவேற்காடு ஏரியில் என் வீட்டுக்காரர் பிடிக்கும் மீனைக் கூடையில் சுமந்து விற்கிறவள் நான். காட்டூரில் என் குரல் கேட்டால்தான் குழம்புக்குப் புளி கரைப்பார்கள். அப்பேர்ப்பட்டவளுக்கு வலது தோள் பிடித்துக்கொண்டது. "வீட்டிலேயே மெதுவா பயிற்சி பண்ணுங்க. கை தலைக்கு மேல போற வரைக்கும் கூடையைத் தொடக் கூடாது" என்றார் டாக்டரம்மா. கூடையைத் தொடாமல் வீட்டில் கிடந்தால் எனக்குச் சோறே இறங்காது. எப்படியாவது கையைத் தூக்கியே தீருவது என்று வைராக்கியம் வந்துவிட்டது.

கல்லூரியில் படிக்கும் மகள் என் போனில் ஒரு வீடியோவைப் போட்டுக் கொடுத்தாள். "புதுசா பண்றவங்களுக்குதாம்மா இது. வலிக்கவே வலிக்காது." அதில் ஒரு பெண் நாற்காலியில் உட்கார்ந்து, துண்டின் இரண்டு முனையையும் பிடித்துத் தலைக்கு மேல் தூக்கி, அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சாய்ந்தாள். தூங்குகிற குழந்தையிடம் பேசுவது போல அத்தனை மெதுவாகப் பேசினாள். இதுவெல்லாம் ஒரு பயிற்சியா என்று சிரித்தேன். செய்து பார்த்தால் கை காதைத் தாண்டவில்லை. இதைத் தெருவில் யாராவது பார்த்தால் மானம் போய்விடுமே என்று, தினமும் மொட்டை மாடியில் ஒளிந்துகொண்டு செய்தேன்.

ஒரு நாள் காலை கை சட்டென்று மேலே போனது. சந்தோஷத்தில் நாற்காலியை மறந்து எழுந்து நின்று, ஏரியைப் பார்த்தபடி கையிலிருந்த சிவப்புத் துண்டை ஆட்டு ஆட்டென்று ஆட்டினேன்.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. கரையில் சாவு, ஆபத்து என்றால் உயரமான இடத்தில் ஏறித் துணியை ஆட்டுவோம். பார்த்தவர்கள் போட்ட வலையை விட்டுவிட்டுக் கரைக்கு வந்துவிட வேண்டும். பிறந்ததிலிருந்து தெரிந்த சங்கதிதான். அன்றைக்கு என் புத்தி எங்கே மேயப் போயிருந்ததோ.

போன் அடித்தது. வீட்டுக்காரர். வீடியோ நின்றுபோகிறதே என்ற கடுப்பில் கட் பண்ணினேன். மறுபடி அடித்தார், மறுபடி கட் பண்ணினேன். (ஒரு மனுஷனைக் கதிகலங்க வைக்க இது போதாதா?)

கொஞ்ச நேரத்தில் பார்த்தால் ஏரியில் இருந்த படகெல்லாம் கரைக்கு வருகின்றன. ஐயோ, யார் வீட்டில் என்ன ஆச்சோ என்று நானும் பதறிப்போய் கீழே ஓடினேன்.

வீட்டுக்காரர் படகு நிற்கும் முன்பே குதித்து, சேற்றில் விழுந்து எழுந்து ஓடி வந்தார். பின்னால் அவர் தம்பி, அவனுக்குப் பின்னால் பாதிக் குப்பம்.

"யாருக்கு இன்னாய்யா ஆச்சு?" என்றேன் நான்.

"உனக்கு ஒண்ணும் ஆவலியா?"

"எனக்கு இன்னா, நல்லாத்தான் கீறேன்."

"அப்போ துண்ட ஏன்டி ஆட்டுன?"

"அது... எக்சர்சைஸ்யா."

கொழுந்தன் அழாத குறையாகச் சொன்னான். "வலை நெறைய எறா அண்ணி. அப்படியே வுட்டுட்டு வந்தோம்."

மன்னிப்புக் கேட்டிருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா? "எறா நாளைக்கும் வரும். இத்தப் பாரு" என்று கையை நேராகத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினேன்.

திட்ட வாயெடுத்த வீட்டுக்காரர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, "கை ஏறிடுச்சுப்பா" என்றார், என்னவோ அவரே தூக்கிவிட்ட மாதிரி. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அன்று சாயங்காலமே ஊர்த் தலைவர் தீர்ப்புச் சொன்னார். "இனிமே யாரு எக்சர்சைஸ் பண்ணாலும் ஏரிக்கு முதுகக் காட்டிக்கினுதான் பண்ணணும்." இன்றுவரை அதுதான் சட்டம். தோள் வலிக்காரிகள் எல்லாம் காலையில் என் வீட்டு மாடியில்தான் இருக்கிறார்கள், ரோட்டைப் பார்த்தபடி. என் கூடையும் காட்டூருக்குப் போய் வருகிறது. கல்யாண வீட்டில் நான் அட்சதை போடக் கையைத் தூக்கினால்கூட, "படகு வந்துடப் போவுது, பாத்து" என்று கொழுந்தன் கத்துவான்.

வீட்டுக்காரர் மட்டும் அந்தக் கிண்டலில் சேருவதில்லை. இப்போதெல்லாம் வலை போடும் முன் எங்கள் மாடியை ஒருதரம் திரும்பிப் பார்க்கிறாராம். கேட்டால், "காத்து பாக்குறேன்" என்கிறார். கல்யாணமான நாளிலிருந்து அந்த மனுஷன் காற்றுப் பார்த்ததெல்லாம் வானத்தில்தான்.